முதல் கண்

லிஃப்ட் கதவு திறந்து ஒரு காலை வெளியே வைத்ததும் நாகையா செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார். காலுக்கடியில் கம்பளம் தட்டுப்பட்டதுதான் காரணம். அவர் பார்வைக்கு அங்கே பழுப்பாக ஏதோ பரந்து கிடப்பது மட்டும்தான் தெரிந்தது. தரை மெத்தென்று இருக்கவும், யாரோ பெரிய மனிதர் வீட்டுக் கூடத்துக்குள் நுழைகிறோம் என்று நினைத்துவிட்டார். சீதாலெட்சுமி அவர் முழங்கையைப் பிடித்து, இது ஆபீஸ்தான், செருப்போடு வரலாம் என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு செருப்பை லிஃப்டுக்குள்ளேயே விட்டுவிட்டு வெளியே வந்திருந்தார். கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் கீழே போய்விட்டது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த மலாய்க்காரப் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். செருப்பு திரும்பி வரும்வரை இருவரும் சுவரோரமாக நின்றார்கள். நாகையா வெட்கப்படவில்லை. பண்டமாரானில் வீட்டுக்குப் போய்ச் சொல்வதற்கு ஒரு கதை கிடைத்துவிட்டது என்று அவள் காதோரம் சொல்லிச் சிரித்தார்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு பிப்ரவரி. சீனப் பெருநாளும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து வந்து முடிந்திருந்தன. கட்டட வாசலில் சிவப்புக் கூண்டு விளக்குகளை இன்னும் இறக்கவில்லை. கோலாலம்பூரில் எந்த ஜன்னலிலிருந்து பார்த்தாலும் ஒரு கிரேன் தெரிந்த காலம். புதுத் தொழில்களில் பணம் போட்டு, பதிலுக்குப் பங்கு எடுத்துக்கொள்ளும் நிறுவனம் ஒன்றின் அலுவலகம் அது. சீதாலெட்சுமி தன் கம்பெனிக்கு முதலீடு கேட்டு வந்திருந்தாள். நாகையாவை உடன் அழைத்து வந்தது அவளுடைய யோசனை.

அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, உபகாரச் சம்பளத்தில் இங்கிலாந்து போய் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கி, பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு சுபாங் ஜெயாவில் ஒரு கடை வீட்டின் மாடியை வாடகைக்குப் பிடித்து லென்ஸ் செய்யப் போகிறேன் என்று அவள் கிளம்பியபோது அண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். கல்யாணமாவது பண்ணியிருக்கலாம் என்று உறவினர் வீட்டு விசேஷங்களில் அவள் காதுபடவே சொன்னார்கள். அவளுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாத ஒரு துளிப் பொருள் அவளை முழுவதுமாக எடுத்துக்கொண்டிருந்தது.

கண்புரை வந்தவருக்கு, மங்கிப்போன சொந்த லென்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செயற்கை லென்ஸ் வைப்பார்கள். எந்த அளவில் வைப்பது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே அளந்து முடிவு செய்தாக வேண்டும். அளவு பிசகினால், வைத்தது வைத்ததுதான். பெரும்பாலானவர்கள் ஒரு கண்ணாடியைப் போட்டுச் சமாளித்துக்கொள்வார்கள். சிலருக்கு அதுவும் ஒத்துவராது. சீதாலெட்சுமியின் லென்ஸை வைத்த பிறகும் திருத்தலாம். புண் ஆறியதும் நோயாளியை உட்காரவைத்து, எவ்வளவு பிசகியிருக்கிறது என்று பார்த்து, ஒரு வகை ஒளியை உள்ளே பாய்ச்சினால் போதும். லென்ஸின் நடுப்பகுதி இம்மியளவு உப்பியோ தணிந்தோ சரியாகிவிடும். அதன்பின் இன்னொரு முறை ஒளி பாய்ச்சினால் அப்படியே நிலைத்துவிடும். முயல்களின் கண்களில் அது வேலை செய்தது. மனிதக் கண்ணில் இன்னும் வைக்கவில்லை. வைப்பதற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு மெஷின் வரவேண்டும், சுத்தமான அறை கட்டவேண்டும், அனுமதிகள் வாங்கவேண்டும்.

நாகையாவை அவள் சந்தித்தது கிள்ளானில், ஒரு கோயில் மண்டபத்தில் நடந்த கண் பரிசோதனை முகாமில். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் லோரி வைத்து ஓட்டும் முதலாளி அவர். வாலிபத்தில் சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தபோது, இறுகக் கட்டிய கம்பிக் கயிறு அறுந்து வந்து இடது கண்ணை எடுத்துவிட்டது. மிஞ்சிய ஒரு கண்ணோடு லோரி ஓட்டி, சொந்த லோரி வாங்கி, பிள்ளைகளைக் கரையேற்றி, அறுபதைத் தாண்டியபோது அந்த ஒரு கண்ணிலும் புரை விழுந்தது. முகாமில் எல்லாரும் எப்போது ஆபரேஷன் என்று கேட்டுக்கொண்டிருக்க, அவர் எழுந்து, அளவு தப்பாகப் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மேடையில் இருந்த கண் மருத்துவர் ராதாகிருஷ்ணன், அப்படியெல்லாம் ஆகாது பெரியவரே என்று சிரித்துச் சமாளித்தார். முகாமுக்கு உதவியாக வந்திருந்த சீதாலெட்சுமி, மண்டபத்துக்கு வெளியே மோர் குடித்துக்கொண்டிருந்தவரிடம் போய், தான் அதற்குத்தான் ஒரு வழி பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அங்கே தொடங்கியது அவர்கள் பழக்கம். கடை வீட்டு மாடியின் முதல் வாடகையைக் கட்டியவர் அவர். ஆராய்ச்சி மேசைகள் அவர் லோரியில்தான் வந்து இறங்கின. பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மனிதருக்கு வைக்கும் முதல் லென்ஸ் தன் கண்ணில் இருக்கவேண்டும்.

முதலீட்டு நிறுவனத்தின் கூட்ட அறையில் நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைமையில், டத்தோ பட்டம் பெற்ற ஒரு பெரிய மனிதர். அவள் கொண்டு போன திட்டத்தை ஆதியிலிருந்து கவனித்து வந்த மேலாளர் மீனாட்சிசுந்தரம் ஓரத்தில் இருந்தார். வட்டிக்கடை வைத்து வாழ்ந்த செட்டியார் குடும்பத்தில், கோட்டும் டையுமாக வந்த முதல் தலைமுறை. மரியாதையான மனிதர். சீதாலெட்சுமி படங்களைக் காட்டி விளக்கி முடித்ததும், வெள்ளைக்காரக் கம்பெனிகளின் சாதாரண லென்ஸ் மலிவாகக் கிடைக்கும்போது இதற்காக யார் காத்திருப்பார்கள் என்று டத்தோ கேட்டார். அவள் நாகையாவைக் கைகாட்டினாள். மீனாட்சிசுந்தரம் தமிழில் கேட்டு, மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

"ஏன் அங்கிள், நீங்க இப்பவே ஆபரேஷன் பண்ணிக்கலாமே?"

"ஒரு கண்ணுதான் இருக்கு தம்பி. ரெண்டு இருந்தா ஒண்ண வச்சுச் சோதிச்சுப் பாக்கலாம். இந்த டாக்டர் லென்ஸுன்னா, தப்பாப் போனாலும் வெளக்கக் காட்டிச் சரி பண்ணிருவாங்களாம். அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்."

"எவ்வளவு நாள் இருப்பீங்க?"

"வர்ற வரைக்கும்."

மீனாட்சிசுந்தரம் அதை ஆங்கிலத்தில் சொன்னபோது டத்தோ குனிந்து தாளில் எதையோ எழுதிக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் எழுந்து வந்து நாகையாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். திரும்பும் வழியில், ஃபெடரல் ஹைவேயில் கார் ஊர்ந்துகொண்டிருக்க, நாகையா கிளப் மேடையில் பரிசு வாங்கியவர் போலத் துள்ளிக்கொண்டிருந்தார். சீதாலெட்சுமிக்கும் சந்தோஷம்தான். தான் காட்டிய அத்தனை படங்களையும் விட இந்த மனிதர் பார்வையில்லாமல் உட்கார்ந்திருந்த விதம்தான் அவர்களை அசைத்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. அந்த எண்ணத்தின் அடியில் என்னவோ நெருடியது. போக்குவரத்து விளக்கு பச்சையானதும் அதை விட்டுவிட்டாள்.

மே மாதம் கையெழுத்தாயிற்று. பணம் இரண்டு தவணையாக வரும். முதல் தவணையில் மெஷினுக்கு முன்பணம் கட்டி, அறை கட்டத் தொடங்கலாம். மெஷின் வந்து இறங்கியதும் அடுத்த தவணை. நாகையா போர்ட் முழுக்கச் சொல்லிவிட்டார். சுங்கத்துறை வாசலில், டீக்கடையில், முருகன் கோயில் அன்னதானப் பந்தியில் எல்லாம் சொன்னார். "மொதக் கண்ணு என்னுது" என்பது அவருடைய பேச்சாயிற்று. நண்பர்கள் அவரை அப்படியே கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது. மனைவி வள்ளியம்மாதான், லென்ஸ் வரும்போது வரட்டும், முதலில் கண் டாக்டரிடம் போய்க் காட்டுங்கள் என்று பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மருத்துவர் ராதாகிருஷ்ணன் பரிசோதித்துவிட்டு சீதாலெட்சுமியைத் தனியாகக் கூப்பிட்டார். கிள்ளானில் சொந்தமாக மருத்துவமனை வைத்திருந்த அவர்தான் முதல் ஆபரேஷனைச் செய்வதாக ஒப்புக்கொண்டிருந்தார். புரை முற்றி வருகிறது, விட்டால் உள்ளேயே கசிந்து கண்ணில் அழுத்தம் ஏறும், அப்போது நரம்பு செத்துவிடும் என்றார். இருப்பது ஒரு கண். சாதா லென்ஸ் வைத்தாலே கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கலாம்.

"அவர் ஒத்துக்க மாட்டார் டாக்டர்."

"நீ சொன்னா ஒத்துக்குவார் சீதா."

அன்று மாலை பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வாக்கியம் அவளோடு வந்தது. அவள் சொன்னால் அவர் கேட்பார். உண்மை. அவர் கேட்டுவிட்டால், அந்த முதல் கண் இல்லை. முதலீட்டுக்காக மீனாட்சிசுந்தரம் எழுதிய அறிக்கையில் நாகையாவின் பெயர் இல்லாவிட்டாலும் அவருடைய கதை இரண்டு பக்கம் இருந்தது. காத்திருந்தவரே காத்திருக்கவில்லை என்று டத்தோவிடம் எப்படிப் போய்ச் சொல்வது? இதை அவள் இவ்வளவு துலக்கமாக நினைத்துப் பார்க்கவில்லை. நினைக்கத் தொடங்கிய இடத்திலேயே, மெஷின் டிசம்பரில் வந்துவிடும், ஒரு சில மாதம்தானே, மாதாமாதம் காட்டிக்கொண்டால் போதும் என்று இன்னொரு குரல் குறுக்கே வந்தது. மறுநாள் பண்டமாரானுக்குப் போய், வேண்டுமென்றால் இப்போதே சாதா லென்ஸ் போட்டுக்கொள்ளலாம் அண்ணே என்றாள். அந்த 'வேண்டுமென்றால்' அவள் வாயில் எப்படி வந்தது என்று பின்னால் பல நாள் யோசித்திருக்கிறாள். நாகையா சிரித்தார்.

"என்ன டாக்டர், நம்ம சாமான் மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

அவளும் சிரித்தாள். வள்ளியம்மா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஜூலையில் தாய்லாந்துப் பணத்தின் மதிப்பு விழுந்தது. அது பேப்பரில் உள்பக்கச் செய்தியாக இருந்தது. பிறகு நம் மலேசிய வெள்ளியும் விழ ஆரம்பித்து, முதல் பக்கத்துக்கு வந்தது. ஒவ்வொரு காலையும் அவள் வானொலியில் மதிப்பைக் கேட்டுவிட்டுத்தான் பல் துலக்கினாள். ஜெர்மன் மெஷினின் விலை அந்நாட்டு மார்க் நாணயத்தில் இருந்தது. அது ஓர் அங்குலம் கூட நகரவில்லை, நாம்தான் பின்வாங்கிக்கொண்டிருந்தோம். இரண்டாவது தவணையை முன்கூட்டியே தரமுடியுமா என்று மீனாட்சிசுந்தரத்திடம் கேட்டாள். பேசிப் பார்க்கிறேன் என்றார். அடுத்த முறை, கொஞ்சம் பொறுங்கள் என்றார். அதற்கடுத்த முறை அவருடைய உதவியாளர்தான் போனை எடுத்தார். அவள் தன் நாட்களை வங்கிகளின் வரவேற்பறைகளிலும் அமைச்சு அலுவலகங்களின் நீள வராந்தாக்களிலும் கழித்தாள். நாகையா ஜூனிலும் ஜூலையிலும் ராதாகிருஷ்ணனிடம் கண்ணைக் காட்டினார். பிறகு போவதை நிறுத்திவிட்டார். போனால் பிடித்து வைத்து ஆபரேஷன் செய்துவிடுவார்கள் என்று பயம். அவர் வரவில்லை என்பதை மருத்துவமனையிலிருந்து சீதாலெட்சுமியிடம் சொன்னார்கள். நாளைக்குப் போய்ப் பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நாளை பல நாள் தள்ளிப்போயிற்று.

செப்டம்பரில் புகை வந்தது. சுமத்ராவில் எரிந்த காடு கடல் தாண்டி வந்து கிள்ளான் பள்ளத்தாக்கை மூடிக்கொண்டது. எதிர்வீடு தெரியவில்லை. பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு லோரிகள் ஊர்ந்தன. முகத்தில் துணி கட்டாமல் யாரும் வெளியே இறங்கவில்லை. எல்லார் கண்ணும் சிவந்து நீர் வடிந்தது. அதனால் நாகையாவின் கண் சிவந்தபோது அது யாருக்கும் புதிதாகப் படவில்லை. பண்டமாரான் கிளினிக்கில் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கொடுத்த சொட்டு மருந்தையே அவருக்கும் கொடுத்தார்கள். பிறகு தலைவலி வந்தது. ஒரு நாள் வாந்தி எடுத்தார். வயிற்றுக் கோளாறு என்று வள்ளியம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தாள். சீதாலெட்சுமி ஒருமுறை போன் செய்தபோது, ஊரே கண் சிவந்து கிடக்கிறது டாக்டர், நீங்கள் மெஷின் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். எவ்வளவு தெரிகிறது என்று கேட்டதற்கு, புகைதான் தெரிகிறது என்றார். அவளும் தன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவளுக்கும் அதுதான் தெரிந்தது.

தீபாவளிக்குப் பிறகு மழை பிடித்தது. விடாமல் பெய்த மழை ஒரு காலையில் நின்றபோது வானம் நீலமாக இருந்தது. பண்டமாரானில் பிள்ளைகள் தெருவுக்கு வந்து கூச்சல் போட்டார்கள். வள்ளியம்மா ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டாள். வெயில் கூடத்தில் நாகையாவின் மடிவரை வந்து விழுந்தது. பாருங்கள், எல்லாம் விலகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவர் தலையைத் திருப்பி, "எங்க?" என்று கேட்டார். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை என்று அவள் கண்டுகொள்ளச் சற்று நேரமாயிற்று.

ராதாகிருஷ்ணன் உடனே ஆபரேஷன் செய்தார், வலி குறைவதற்காக. அழுத்தம் ஏறி வெகு நாளாகியிருந்தது. நரம்பு போய்விட்டது. சீதாலெட்சுமி ஓடி வந்தபோது அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்த நாகையா அவள் காலடிச் சத்தத்தைக் கேட்டு, டாக்டரா என்றார். இதில் அவளுடைய லென்ஸை வைக்க முடியாதா என்று கேட்டார். அவள் விளக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். அவரே முடித்துவைத்தார்.

"லைட்டு மாத்திப் பிரயோசனம் இல்ல. ஒயரு அந்துபோச்சு. அப்படித்தான லா?"

ஆமாம் என்று அவள் சொன்னது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

ஜனவரியில் மீனாட்சிசுந்தரம் அவளை நேரில் வரச் சொன்னார். அந்தக் கம்பளம் அப்படியேதான் இருந்தது. வரவேற்பு மேசையில் யாரும் இல்லை. பாதி அறைகள் காலியாக இருந்தன, நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். மீனாட்சிசுந்தரம் டை கட்டியிருக்கவில்லை. இனித் தவணை கிடையாது, நிறுவனத்தையே மூடுகிறார்கள், தானும் மாதக் கடைசியில் வீட்டுக்குப் போகிறேன் என்றார். ஜெர்மனிக்குக் கட்டிய முன்பணம் திரும்ப வராது. வெளிநாட்டில் யாராவது அவளுடைய முறையை வாங்கிக்கொள்வார்களா என்று விசாரித்துப் பார்த்ததாகவும், இந்தச் சமயத்தில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றும் சொன்னார். அதில் பொய் இல்லை என்று அவர் கண்ணுக்கடியில் இருந்த கருவளையத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் எழுந்துகொள்ளும்போது, அந்த அங்கிள் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். சீதாலெட்சுமி சொன்னாள். அவர் உட்கார்ந்தபடியே மேசையைப் பார்த்தார்.

"வர்ற வரைக்கும் இருக்கேன்னு சொன்னாங்களே" என்றார். தன்னிடமே சொல்லிக்கொள்வது போல.

கடை வீட்டு மாடியைக் காலி செய்ய ஒரு வாரம் ஆனது. மேசைகளைப் பழைய சாமான் வாங்கும் சீனர் ஒருவர் எடுத்துக்கொண்டார். சோதனைக்காக அங்கே வைத்திருந்த முயல்களில் மீதமிருப்பவற்றை என்ன செய்வது என்று பல்கலைக்கழகத்திலிருந்து போன் செய்து கேட்டார்கள். வழக்கமாக என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டாள். சொன்னார்கள். சரி என்றாள். அன்று இரண்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தவள், தட்டில் கை வைத்தபடி அப்படியே இருந்தாள். இத்தனை வருஷத்தில் அவளால் பார்வை பெற்றவை அந்த முயல்கள் மட்டும்தான்.

நாகையாவிடம் கம்பெனியை மூடியதைச் சொல்லவேண்டும். போனில் சொல்லக்கூடாது என்று நினைத்தாள். மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிக் கிள்ளான் போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் பண்டமாரானில் இறங்கினாள். வெயில் கொளுத்தியது. வீட்டு முன்பகுதியில், தகரக் கூரைக்குக் கீழே நாகையா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று தப்பிப் போட்டிருந்தார். உடம்பு பாதியாகிவிட்டது. அவள் குரல் கேட்டதும் முகம் மலர்ந்து, டாக்டருக்கு நாற்காலி போடு என்று உள்ளே பார்த்துச் சத்தம் கொடுத்தார். அந்தச் சத்தம் மட்டும் பழைய லோரி முதலாளியுடையதாக இருந்தது.

வள்ளியம்மா தேநீர் கொண்டு வந்து வைத்தாள். அவள் சீதாலெட்சுமியிடம் கோபமாக ஒரு வார்த்தையும் பேசியதில்லை. வா என்றும் இப்போதெல்லாம் சொல்வதில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டாள். நாகையா நிறுத்தாமல் பேசினார். லோரித் தொழிலை மூத்தவனிடம் விட்டுவிட்டது, வேலை குறைந்து பாதி லோரிகள் சும்மா நிற்பது, ராத்திரி பகல் தெரியாமல் தூக்கம் கெட்டுப்போவது. பிறகு மெஷின் எப்போது வருகிறது என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். தனக்குப் போனது போகட்டும், அது தன் தலையெழுத்து, ஆனால் வேலை நிற்கக்கூடாது, மொதக் கண் யாருடையதாக இருந்தால் என்ன என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த அமைதியைப் பார்த்து, சொல்லாமலே போய்விடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இன்னொரு வருஷம் கழித்துத் தானாகத் தெரியவரட்டும். அதுவரை அவரிடம் இதாவது இருக்கட்டும்.

"ஆளு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன் டாக்டர்" என்றார் நாகையா. "பக்கிரிசாமி. என்கூடக் கிடங்குல வேல பாத்தவன். ரெண்டு கண்ணுலயும் பொர. ஆஸ்பத்திரில தேதி குடுத்துட்டானுங்க, அடுத்த வாரம். நாந்தான் சொன்னேன், போவாத, இரு, நம்ம டாக்டர் லென்ஸு வரட்டும்னு. நான் சொன்னா தட்டமாட்டான்."

சீதாலெட்சுமி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். வள்ளியம்மா கதவு நிலையிலிருந்து நிமிர்ந்தாள். அவள் பார்வை முதல்முறையாக சீதாலெட்சுமியின் முகத்தில் நேராக வந்து நின்றது.

"அவர இருக்க வேணாம்னு சொல்லுங்கண்ணே."

"ஏன், இன்னும் நாளாவுமா?"

"அண்ணே, கம்பெனிய மூடியாச்சு. பணம் போட்டவங்க போயிட்டாங்க. மெஷின் வராது. லென்ஸ் வராது." அவள் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "போன வருஷமே உங்ககிட்ட இருக்காதீங்கன்னு சொல்லியிருக்கணும். வேணும்னான்னு சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டே போனான். அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை நாகையாவின் முகம் அவளிருந்த பக்கமே திரும்பியிருந்தது. அதில் கோபம் வரும், அழுகை வரும், தாங்கிக்கொள்ளலாம் என்று அவள் காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. முகத்தை உள்ளிருந்து தாங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று மெல்ல இறங்குவது மட்டும் தெரிந்தது. கன்னங்கள் தொங்கின. வாய் லேசாகத் திறந்துகொண்டது. கண் முகாம்களிலும் மருத்துவமனையிலும் எத்தனையோ பார்வையற்றவர்களை அவள் பார்த்திருக்கிறாள். நாகையா அதுவரை அவர்களில் ஒருவராகத் தெரிந்ததில்லை.

"வள்ளி" என்றார். "டெலிபோன எடுத்துட்டு வா."

வள்ளியம்மா ஒயரை இழுத்துக்கொண்டு வந்து, போனை அவர் பக்கத்தில் இருந்த முக்காலியில் வைத்து, எண்களை அழுத்தி, ரிசீவரை அவர் கையில் கொடுத்தாள். மறுமுனையில் மணி அடிப்பது மூவருக்கும் கேட்டது.

"பக்கிரி. நாந்தான். அந்த ஆபரேசனுக்குப் போயிடு." சற்று நிறுத்தினார். "ஆமா, சாதா லென்ஸுதான். அதான் நல்லது." மறுமுனையில் பக்கிரிசாமி ஏதோ கேட்டார். பூச்சி இரைவது போல அந்தக் குரல் கசிந்தது. திரும்பவும் அதையே கேட்டார் போலிருந்தது. நாகையா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"வராது" என்றார். "வராதுடா. சொல்றேன்ல, போய்ப் பண்ணிக்க."

மறுமுனை வைத்துவிட்ட பிறகும் அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு மெல்ல இறக்கி, போன் இருக்கும் இடத்தை உத்தேசமாக நினைத்து வைத்தார். அது ஓரத்தில் பட்டுச் சறுக்கியது. எடுத்து மறுபடி வைத்தார், அது முக்காலியின் விளிம்பில் இடித்தது. சீதாலெட்சுமி எழப்போனாள். வள்ளியம்மா அவளைப் பார்க்காமலேயே வேண்டாம் என்று தலையசைத்தாள். நாகையாவின் இன்னொரு கை இப்போது முக்காலியின் பலகையைத் தடவிக்கொண்டு வந்தது, தேநீர்க் கோப்பையைத் தொட்டது, விலகியது, ஒயரைப் பிடித்து அதன் வழியாக மெதுவாக ஊர்ந்தது. ரிசீவர் அவர் வலது கையில் அந்தரத்தில் நின்றபடி, ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது.